ஈயைப் படம் எடுத்தாச்சு, பெயர் மட்டும் வரமாட்டேங்குது: எங்கே பிசகுகிறது?

குறுவைக்குத் தண்ணீர் வந்து வரப்பு ஈரமானதும் என் போனுக்கு ஈ படங்கள் வர ஆரம்பித்துவிடும். "மாமா, இது என்ன ஈ?" என்று அக்கா மகன் மன்னார்குடியிலிருந்து அனுப்புவான். கூடப் படித்த ஒருவர் மாயவரத்திலிருந்து ஒரே ஈயை எட்டுத் தடவை எடுத்து அனுப்புவார், எட்டும் முதுகுப் பக்கம். நானும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பைச் சுற்றி, வெண்ணாற்றுக் கரையிலும் வரப்பிலும் குந்தி உட்கார்ந்து பல வருஷமாக ஈ படம் எடுக்கிறவன். ஆரம்ப காலப் படங்களில் பெரும்பாலானவை இன்னும் பெயரில்லாமல் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் குறை ஒன்றுதான்: பார்க்க வேண்டிய இடம் படத்தில் இல்லை.

அதே பிசகுகள் திரும்பத் திரும்ப வருவதால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் படத்துக்கு எந்தத் தலைப்பு பொருந்துகிறதோ அங்கே போய்விடலாம். காசு கேட்காத காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

## 1. அது ஈதானா என்பதே சந்தேகம்

முதலில் இறக்கையை எண்ணுங்கள். ஈக்கு ஒரு ஜோடிதான். பின் ஜோடி சுருங்கி, குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்னக் குமிழாகி இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் இறக்கையின் அடியில் வெளுப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அது ஈ.

எண்ண முடியவில்லையா? தேனீயும் குளவியும் முன் இறக்கையையும் பின் இறக்கையையும் கொக்கி போட்டு மாட்டி வைத்திருக்கும். படத்தில் ஒன்று போலவே தெரியும். அப்போது உணர்கொம்பைப் பாருங்கள். நீளமாக, முழங்கை மாதிரி மடங்கி இருந்தால் பெரும்பாலும் தேனீ வகை. குட்டையான மொட்டும் அதில் ஒரு முடியும் என்றால் ஈ.

இங்கே அடிக்கடி ஏமாற்றும் மூன்று:

கொசுத்தேனீ. பெயரில் கொசு இருக்கிறது, பார்த்தால் கறுப்புக் குட்டி ஈ, ஆனால் அது கொட்டாத தேனீ. பழைய வீட்டுச் சுவர் ஓட்டையில் மெழுகும் பிசினும் சேர்ந்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெள்ளை ஈ. இது ஈயே இல்லை, சாறு உறிஞ்சும் பூச்சி; நான்கு இறக்கை. தென்னை ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளை மாவு தெரிந்தால் அது நம் நாட்டில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயாக இருக்கலாம். பெயர் தேடி நேரத்தை வீணாக்காமல் ஓலைத் துண்டோடு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள்.

மூன்றாவது நேர் எதிர்: குளவி என்று பயந்து தள்ளி நின்று எடுத்த படம், உண்மையில் ஈ. எருக்குழி ஓரத்தில் கறுப்பாக, பாதம் மட்டும் வெள்ளையாக, இடுப்பில் கண்ணாடி ஜன்னல் வைத்த மாதிரி இரண்டு தெளிந்த இடங்களோடு உட்கார்ந்திருக்கும். அது கறுப்புச் சிப்பாய் ஈ. இதற்கு உணர்கொம்பு நீளம், ஆகவே நான் மேலே சொன்ன விதி இதனிடம் தோற்கும். கொட்டாது, தைரியமாகக் கிட்டே போகலாம்.

## 2. கொசு மாதிரி இருக்கிறது, கடிக்கவில்லை

வாசல் விளக்கில் எடுத்த படங்களில் இதுதான் அதிகம். உட்காரும்போது எந்தக் கால் மேலே தூக்கியிருக்கிறது என்று பாருங்கள். பின்கால் தூக்கினால் கொசுவாக இருக்க வாய்ப்பு அதிகம். தலையிலிருந்து நீளமான ஊசி வாயும் தெரிய வேண்டும். முன்காலைத் தூக்கி, ஊசி வாய் இல்லாமல், ஆணுக்குத் தலையில் இறகு விசிறி இருந்தால் அது கடிக்காத நீர்க்கொசு வகை. வாய்க்காலில் தண்ணீர் வந்த கொஞ்ச நாளில் விளக்கடியில் குவிவது பெரும்பாலும் இதுதான்.

இரண்டுமில்லாமல், 3 மில்லிமீட்டர் அளவில், வயிறு மட்டும் சிவப்பாக, இறக்கையில் இரண்டு மூன்று கோடு தவிர வேறொன்றும் இல்லாமல் இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நெல் குருத்தைக் கெடுக்கும் ஆனைக்கொம்பன் ஈ அப்படித்தான் இருக்கும். ஆனால் படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், அந்த அளவில் இதைப் போல இன்னும் நிறைய உண்டு. காலையில் வயலுக்குப் போய்ப் பயிரைப் பாருங்கள். குருத்து வெங்காயத்தாள் மாதிரி வெளிறிய குழலாக நீண்டிருந்தால் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. அந்தத் தூரை வேரோடு பிடுங்கிக்கொண்டு விரிவாக்க மையத்துக்கோ, பக்கத்தில் இருந்தால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ போங்கள். இன்னொரு படம் எடுக்க இரவு வரை காத்திருக்க வேண்டாம்.

## 3. ஈ மங்கல், பின்னால் இருக்கும் இலை மட்டும் பளிச்

ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள். பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா நான்கு விரற்கடைக்குள் குவியாது. பின்வாங்கி, இரண்டு மடங்கு மட்டும் பெரிதாக்கி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஈ சின்னதாக வந்தாலும் தெளிவாக வந்தால் போதும். பல போன்களில் மேக்ரோ என்று தனியாகப் போட்டிருக்கும் குட்டிக் கேமராவை நான் நம்புவதில்லை. அதைவிட முதன்மைக் கேமராவில் எடுத்து வெட்டிய படமே எனக்கு உதவியிருக்கிறது.

போன் இலையைப் பிடிக்கிறது. திரையில் ஈயின் கண் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் குவியம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் திரையைத் தொடாதீர்கள். போனையே ஒரு நெல்மணி அளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு தொடர்படமாக எடுங்கள். இருபதில் ஒன்று தேறும். தேறாத பத்தொன்பதை அழிக்க மனசு வராதுதான், அழித்துவிடுங்கள்.

காற்று. நெல் இலை ஆடாத நேரம் டெல்டாவில் குறைவு. இடது கையால் இலையின் அடிப்பாகத்தை மெல்லப் பிடித்துக்கொள்ளலாம். மேலிருந்து கை நீட்டினால் நிழல் விழுந்து ஈ பறந்துவிடும், கீழிருந்து வாருங்கள்.

நேரம் தப்பு. பதினொரு மணி வெயிலில் ஈயைத் துரத்துவது வீண். மார்கழி, தை மாதத்தில் காலை ஆறரைக்குப் போங்கள். இறக்கையில் பனித்துளியோடு, குளிரில் விறைத்து, கிட்டத்தட்ட உங்களுக்காகவே காத்திருக்கும். சம்பா கதிர் பிடிக்கும் அந்த ஒரு மாதத்தில் எடுப்பது வருஷத்தின் மீதிக்கும் ஈடு.

இத்தனையும் செய்த பிறகும் போதவில்லை என்றால் மட்டும் போனில் மாட்டும் கிளிப் லென்ஸ். சில நூறு ரூபாய்தான், ஆனால் இரண்டு மூன்று விரற்கடை தூரத்துக்குப் போக வேண்டும், அதற்கு ஈ சம்மதிக்க வேண்டும். தனிக் கேமரா, மேக்ரோ லென்ஸ், ஃபிளாஷ் என்று போனால் செலவு ஆயிரங்களைத் தாண்டி ஓடும். அதில் போனாலும் ஃபிளாஷுக்கு முன்னால் கழுவிய பால் பாக்கெட்டின் வெள்ளைப் பக்கத்தை ஒட்டினால்தான் ஒளி மிருதுவாகும். கடையில் விற்கும் மூடியை விட இது மோசமில்லை.

## 4. ஈ தெளிவு, இறக்கை வெறும் பளபளப்பு

என்னிடம் வரும் படங்களில் அதிகம் வீணாவது இங்கேதான். ஈயின் முகவரி பெரும்பாலும் இறக்கை நரம்பில் எழுதியிருக்கும். நிறம் ஏமாற்றும், அளவு ஏமாற்றும், நரம்பு அவ்வளவு சீக்கிரம் ஏமாற்றாது.

சூரியன் இறக்கையில் பட்டுத் திரும்புகிறது. நீங்கள் நகருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்கு நேரே இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் குடையையோ துண்டையோ விரித்து மொத்த இடத்தையும் நிழலாக்குங்கள், மெதுவாக. நிழலில் நரம்பு தானாக மேலே வரும்.

பின்னணி கறுப்பு. சேற்றின் மேல் இருக்கும் ஈயின் இறக்கையில் ஒன்றும் தெரியாது. அது வெளிர் இலைக்கோ பூவுக்கோ மாறும்வரை பொறுங்கள். இன்னும் நல்லது, தாழ உட்கார்ந்து வானம் இறக்கைக்குப் பின்னால் வருமாறு எடுப்பது.

இரண்டு இறக்கையும் ஒன்றின் மேல் ஒன்று. இதற்கு ஈயே வழி செய்யும். போன மாசியில் வாய்க்கால் கரையில் வெட்டுக்காயப்பூண்டுப் பூ ஒன்றில் ஒரு சிர்ஃபிட் ஈ, கறுப்பில் மஞ்சள் பட்டை போட்டது, இறக்கையை முதுகில் கத்தரிக்கோல் மாதிரி மடித்து உட்கார்ந்திருந்தது. பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வயிற்றைக் கொஞ்சம் இறக்கி, பின்னங்கால் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்தது. உடனே தயாராகுங்கள்: காலைத் தேய்த்த ஈ அடுத்து இறக்கையைத் துடைக்கும். வலது இறக்கை பக்கவாட்டில் முழுசாக விரிந்தது, கால் அதன் மேல் அடியிலிருந்து நுனிவரை இழுத்துக்கொண்டு போனது. மொத்தம் ஒரு விநாடி. அந்த ஒரு விநாடிப் படத்தில் எல்லாம் இருந்தது: நடுவில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு பொய் நரம்பு, பின் ஓரத்தில் வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி ஓரத்தோடு ஒட்டி ஓடும் நரம்பு. இந்த இரண்டும் இருந்தால் சிர்ஃபிட் குடும்பம்தான், தேனீ வேஷம் எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் சரி.

இறக்கையைத் துடைக்காமலேயே பறந்துவிட்டால்? பெரும்பாலான ஈக்கள் அதே இலைக்கோ பக்கத்து இலைக்கோ திரும்பி வரும். எழுந்திருக்காதீர்கள்.

## 5. ஒரே ஈ, படத்துக்குப் படம் வேறு நிறம்

வாழை இலையிலும் சேப்பங்கிழங்கு இலையிலும் ஓடி ஓடி நிற்கும் நெட்டைக்கால் ஈக்குத்தான் இந்தப் புகார் அதிகம். பச்சை, செம்பு, நீலம் என்று ஒளி விழும் கோணத்துக்கு ஏற்ப மாறும். ஃபிளாஷ் போட்டால் இன்னொரு நிறம். போனில் கோளாறு இல்லை.

முதலில் கேமரா திரையில் தெரியும் சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். வெளுத்துப் போன உலோக நிறத்தைப் பிறகு மீட்க முடியாது. அடுத்து, நிறத்தை மறந்துவிட்டு இறக்கையில் கறுப்புப் பட்டை இருக்கிறதா, கால் உடம்பை விட நீளமா என்று பாருங்கள். நெட்டைக்கால் ஈயையும் குப்பைமேட்டுப் பச்சை ஈயையும் பிரிக்க இவ்வளவு போதும்: ஒன்று கொக்கு மாதிரி காலூன்றி நிற்கும், மற்றது பருத்து உட்கார்ந்திருக்கும்.

கண் நிறம் மட்டும் விதிவிலக்கு. மாட்டு ஈயின் கண்ணில் இருக்கும் வண்ணப் பட்டை செத்த கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். அருங்காட்சியகப் பெட்டியில் கிடைக்காத தகவல் உங்கள் போனில் இருக்கலாம், ஆகவே கண்ணைத் தனியாக ஒரு படம். சாக்கடை ஓரப் பூக்களில் வரும் ஒரு சிர்ஃபிட் ஈக்குக் கண் முழுக்கப் புள்ளி இருக்கும். அந்த ஒரு படமே பேரினம் வரை கொண்டுபோய்விடும்.

## 6. செயலி ஒரு பெயர் சொல்கிறது, மனசு ஒப்பவில்லை

ஒப்பாமல் இருப்பது நல்ல மனசு. செயலி தனக்குப் பயிற்சியாகக் கொடுத்த படங்களுக்குள்தான் தேடும். நம் வரப்பு ஈக்களின் படம் அதில் குறைவு என்றால் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு ஐரோப்பிய ஈயின் பெயரை நீட்டும்.

ஈயை மட்டும் வெட்டி மறுபடி கொடுத்துப் பாருங்கள். முகம், இறக்கை, முதுகு மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள். மூன்றுக்கும் ஒரே குடும்பம் வந்தால் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இனப் பெயரை விட்டுவிடுங்கள். மூன்றுக்கும் மூன்று வந்தால் செயலி குருட்டாம்போக்கில் சொல்கிறது.

அதற்காக, வெளிநாட்டுப் பெயர் வந்தாலே தப்பு என்றும் இல்லை. ஆரஞ்சு வயிற்றில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தடித்த கறுப்புக் கோடும் ஒரு மெல்லிய கோடும் இருக்கும் எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் ஐரோப்பாவில் எவ்வளவு சகஜமோ, இந்தியாவிலும் அப்படித்தான். அதை நான் ஒரு வருஷம் 'சீமை ஈ' என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

## 7. படம் நல்ல படம், எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், உள்ளே பதிந்த இடமும் தேதியும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். கேமராவில் இருப்பிடப் பதிவு ஓடுகிறதா என்று வரப்பில் இறங்கும் முன்னே பாருங்கள். எந்தப் பயிர், எந்தப் பூ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அளவுக்கு ஒரு தந்திரம்: ஈ பறந்ததும் குவியத்தை மாற்றாமல், அது உட்கார்ந்திருந்த அதே இடத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒரு படம். 4 மில்லிமீட்டரா 8 மில்லிமீட்டரா என்று பிறகு யாரும் அடித்துக்கொள்ள வேண்டாம்.

## 8. ஈ மாட்டுப் புண்ணில் உட்கார்ந்திருக்கிறது

போனை மூடுங்கள். புண்ணில் புழு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும். உயிருள்ள சதையைத் தின்னும் புழு வைக்கும் ஈயும் உண்டு, அதைப் படத்தில் பிரித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

## 9. குடும்பம் வரை வந்தது, அதற்கு மேல் நகரவில்லை

இதில் மூன்று வழி பிரியும்.

(அ) கோணம் ஒன்று குறைகிறது. இது வீட்டிலேயே சரியாகும். பழ ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் கோடு மட்டும், வயிற்றில் கறுப்பு 'டி' எழுத்து, இறக்கையின் முன் ஓரத்தில் மெல்லிய பட்டை என்றால் மாம்பழத்தைக் கெடுக்கும் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. நடு முதுகில் மூன்றாவதாக ஒரு மஞ்சள் கோடும், இறக்கை நுனியில் கரும் திட்டும், உள்ளே குறுக்காக ஒரு புகைக் கோடும் இருந்தால் பாகற்காய், புடலை, பூசணியில் முட்டை வைக்கும் வகை. முதுகுப் படம் ஒன்று இருந்தால் இவ்வளவு சொல்லிவிடலாம். சிவந்த உடம்போடு இறக்கை நுனியில் தனிப் பொட்டு வைத்தவை வந்தால் முகம் வேண்டும். முகத்தில் இரண்டு புள்ளி தனித்தனியாக இருக்கிறதா, குறுக்கே ஒரு பட்டையாகச் சேர்கிறதா என்பதில்தான் முடிவு.

பழ ஈ எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டாம். துளசி மாடத்துக்குப் போங்கள். துளசி இலையில் இருக்கும் மெத்தில் யூஜினால் வாசனைக்கு ஆண் ஈக்கள் சொக்கிப்போய் வந்து உட்காரும், மூக்கருகே போனை நீட்டினாலும் பல நேரம் அசையாது. பாகற்கொடி வகைக்கு மட்டும் இந்த மயக்கம் கிடையாது, அதைக் கொடியில்தான் தேட வேண்டும்.

(ஆ) பேரினம் வரை வரும், அதுவே போதும். நாற்று நட்ட வயலில் பழுப்பு ஈ ஒன்று தாளில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். உணர்கொம்பு நீண்டு தலைக்கு முன்னால் கம்பி மாதிரி நிற்கும், பின்தொடை பருத்திருக்கும். பக்கத்து வயல் பெரியவர் ஒருமுறை என் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுதான் பயிரைத் திங்குதா? மருந்து அடிச்சுடவா?" என்றார். "வேண்டாங்க பெரியப்பா, இதோட புழு தண்ணி நத்தையைத் திங்கிறது" என்றேன். ஸெபெடான் என்ற பேரினம். அதற்குள் எந்த இனம் என்று படத்தில் பிரிப்பது கஷ்டம், ஆனால் மருந்து வேண்டாம் என்று சொல்ல இனப் பெயர் தேவைப்படவில்லை. சேற்றில் கும்பிடுபூச்சி மாதிரி முன்தொடை பருத்த குட்டி ஈயும் அப்படித்தான். அது ஒக்தெரா; மங்கலான படத்தில்கூட அந்தத் தொடை காட்டிக்கொடுத்துவிடும்.

(இ) படத்தால் ஆகாது. சாம்பல் முதுகில் மூன்று கறுப்புக் கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம் என்றால் சதை ஈ. அதன் இனத்தைச் சொல்ல ஆண் ஈயின் பின்பகுதியைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தலை முழுக்கக் கண்ணாக, பயிருக்கு நடுவே அந்தரத்தில் நின்று தத்துப்பூச்சியைத் தேடும் பெருந்தலை ஈக்கும் இதே கதி. எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் வாங்கினாலும் இது மாறாது. செலவு செய்ய நினைக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் இங்கேதான் நிபுணர். வேளாண் கல்லூரிப் பூச்சியியல் துறை, நீடாமங்கலம் அல்லது சிக்கல் வேளாண் அறிவியல் நிலையம், அங்கிருந்தும் நகராவிட்டால் சென்னையில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். போவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் எல்லா ஈக் குடும்பத்துக்கும் ஆள் இருக்கமாட்டார்கள். படத்தோடு ஈயையும் கொண்டுபோக வேண்டும். உங்கள் வயலில் பிடித்ததாக இருக்கட்டும். கோடியக்கரை சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு ஈயைக்கூட எடுக்கக் கூடாது.

சின்ன மூடி போட்ட குப்பியில் 70 சதவீத ஆல்கஹால் ஊற்றி அதில் போடுங்கள். ஜெல் சானிடைசர் வேண்டாம், கால் முடியெல்லாம் ஒட்டிப்போகும். ஊர், தேதி, பயிர், பிடித்தவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். நான் முதல் தடவை பேனாவால் எழுதிப் போட்டேன். பஸ் இறங்குவதற்குள் சீட்டு வெள்ளையாகி ஆல்கஹால் நீலமாகியிருந்தது.